கூட்டுயிர் மாந்தர் கதையில் ஒட்டாதபோது: மிகுபுனைவு எழுதுவோருக்கான பிழை நீக்கும் வழிமுறை

இரண்டு வேறு உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழும் உலகத்தை மிகுபுனைவில் (ஃபேன்டஸியில்) படைப்பவர்கள் பெரும்பாலும் உருவத்திலிருந்துதான் தொடங்குகிறார்கள். முதுகில் பாசி படர்ந்த மாந்தர், தோளில் ஒளிரும் பூச்சி, மரத்துக்குள் குடியிருக்கும் குரல் என்று கண்ணுக்கு நிறைவான ஒன்றைத் தீட்டிவிட்டு, மொழியையும் சடங்கையும் சட்டத்தையும் பிறகு அதன்மேல் ஏற்றுகிறார்கள். ஐம்பது பக்கம் கடந்ததும் ஏதோ ஒட்டவில்லை என்பது எழுதுபவருக்கே புரிந்துவிடுகிறது. எது ஒட்டவில்லை என்பது மட்டும் பிடிபடுவதில்லை. அந்த நிலையில் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வரைவில் தென்படும் அறிகுறி எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகச் செல்லலாம்.

எதைத் திருத்துவதற்கு முன்னும் ஒரு தாளில் நான்கு வரிகள் எழுதிக்கொள்ளுங்கள். யார் எதைக் கொடுக்கிறார்? கொடுப்பதால் அவருக்கு என்ன குறைகிறது? இந்த உறவு அடுத்த தலைமுறைக்கு எவ்வழியாகப் போய்ச் சேர்கிறது? ஒருவர் ஏமாற்றினால் மற்றவரால் என்ன செய்ய முடியும்? இதைக் கொடுக்கல் வாங்கல் கணக்கு என்று சொல்வேன். நான் படித்த வரைவுகளிலும் எழுதிய வரைவுகளிலும் கண்ட கோளாறுகளில் பெரும்பாலானவை இந்தக் கணக்கில் ஏதோ ஒரு வரி வெறுமையாக இருந்ததால் வந்தவையே.

கூட்டுயிர் வாழ்வு என்றாலே நட்பு என்று எண்ணிவிடக் கூடாது. இந்தக் கருத்துக்கு 1879இல் வரையறை தந்த ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டன் டி பாரி, வேறுபட்ட உயிர்கள் சேர்ந்து வாழ்வதைத்தான் அப்படிக் குறித்தார். ஒட்டுண்ணி வாழ்வும் அந்த வரையறைக்குள் அடங்கியிருந்தது. புனைவுக்கு இந்த அகன்ற பொருளே உகந்தது. உதவிக்கும் உறிஞ்சலுக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்று பாத்திரங்களே அறியாத இடத்தில்தான் கதைக்கு இடம் பிறக்கிறது.

விளக்கத்துக்காக என் சொந்த வரைவிலிருந்து ஓர் இணையை எடுத்துக்கொள்கிறேன். தூமர் என்போர் மலைக்குள் வளை தோண்டி வாழும், ஏறத்தாழப் பார்வையற்ற, பெரிய உடல் கொண்ட மாந்தர். ஈலி என்பது உள்ளங்கை அளவே உள்ள, கூரிய பார்வை கொண்ட, தூமரின் பிடரியில் பற்றியிருக்கும் உயிர். பேசத் தெரியும், தோண்டத் தெரியாது. அதன் முட்டை பொரிவதற்கு வளையின் வெதுவெதுப்பு வேண்டும்.

அறிகுறி: துணையுயிர் செல்லப்பிராணியாகவோ கருவியாகவோ தெரிகிறது

முதலில் சரிபார்க்க வேண்டியது, துணையுயிர் எங்காவது மறுத்திருக்கிறதா என்பதை. என் முதல் வரைவில் ஈலி எட்டு அத்தியாயங்களில் பன்னிரண்டு முறை ஆபத்தை எச்சரித்தது. ஒருமுறைகூட எச்சரிக்க மறுக்கவில்லை. அதைப் படித்த நண்பர் ஒருவர், ஈலிக்குப் பதிலாக ஒரு மந்திரக் கண்ணாடியை வைத்தாலும் கதை மாறாது என்றார். அவர் சொன்னது சரி. மறுக்க முடியாத உயிர் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் அது உடைமைதான்.

பிரேசிலின் தெற்கே லகூனா என்னும் ஊரில், வீச்சுவலை வீசும் மீனவர்களும் காட்டு ஓங்கில்களும் (டால்பின்களும்) சேர்ந்து மடவை மீன் பிடிக்கிறார்கள். கலங்கிய நீரில் மீன் கூட்டம் எங்கே இருக்கிறது என்பது மனிதருக்குத் தெரியாது. ஓங்கில் கரையருகே திடீரென்று மூழ்கிக் காட்டும் கணத்துக்காக அவர்கள் இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று காத்திருக்கிறார்கள். ஓங்கிலைப் பழக்கியவர் யாரும் இல்லை, அதற்குக் கூலியாக மீன் எறிபவரும் இல்லை. வலை விழுந்ததும் சிதறும் மீன்களை அதுவே பிடித்துக்கொள்கிறது. அது வராத நாளில் அதட்டி அழைக்க வழியில்லை. அந்தக் காத்திருப்பைக் கதைக்குள் கொண்டுவந்தால் துணையுயிரின் தகுதி தானாக உயர்ந்துவிடும்.

திருத்தும்போது மறுப்பை முழக்கமாக எழுத வேண்டாம். நான் மாற்றி எழுதிய காட்சி இது. கேணா என்னும் தூமப் பெண் விடியற்காலையில் வளை வாயிலில் நிற்கிறாள். பிடரியில் ஓர் அழுத்தம் என்றால் நில், இரண்டு என்றால் நட, நகத்தால் மெல்லக் கீறினால் வெளி பாதுகாப்பாக இருக்கிறது என்று பொருள். அன்று எதுவும் இல்லை. நகங்கள் தோலில் பதிந்திருக்கின்றன; ஈலி விழித்திருக்கிறது என்பது அதன் மூச்சிலிருந்தே தெரிகிறது. முந்தைய இரவு கேணா அதன் முட்டையை வேறு அறைக்கு மாற்றியிருந்தாள். அவள் ஒரு கையை வாயிற் கல்லின்மேல் வைத்தபடி வெயில் ஏறும்வரை அப்படியே நிற்கிறாள்.

அறிகுறி: உறவு இனிக்கிறது, கதை நகரவில்லை

கணக்கின் இரண்டாவது வரியும் நான்காவது வரியும் காலியாக இருக்கின்றன என்று பொருள். கொடுப்பதில் செலவு இல்லை, ஏமாற்றுவதற்கு வாய்ப்பும் இல்லை. இதைச் சரிசெய்ய வெளியிலிருந்து ஒரு கொடுங்கோலனைக் கொண்டுவருபவர்கள் பலர். அது நோயை விட்டுவிட்டுக் காய்ச்சலுக்கு மட்டும் மருந்து தருவதாகும். பிணக்குக்கான விதை உறவுக்குள்ளேயே இருக்கிறது.

பவளத்திட்டுகளில் வாழும் துப்புரவு மீன் பெரிய மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைக்கிறது. ஆனால் அதற்கு ஒட்டுண்ணியைவிட மிகவும் பிடித்தது பெரிய மீனின் தோல்மேல் இருக்கும் வழுவழுப்பான படலம். அதைக் கடித்தால் பெரிய மீன் துள்ளுகிறது, துரத்துகிறது, அல்லது அடுத்த முறை வேறு துப்புரவு மீனிடம் போய்விடுகிறது. பிற மீன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது துப்புரவு மீன் ஒழுங்காக நடந்துகொள்கிறது என்பதையும் ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். ஒரு சமூகத்தின் மானம், நற்பெயர், சாட்சி, ஊர்க்கூட்டம் எல்லாம் இந்த ஒரு கடியிலிருந்தே முளைக்கக்கூடியவை. ஆகவே உங்கள் துணையுயிருக்கு உண்மையில் எதன்மீது ஆசை என்பதை முடிவுசெய்யுங்கள்; அது கணக்கில் தனக்குரிய பங்காக எழுதப்பட்ட பொருளாக இருக்கக் கூடாது.

இதைவிட நுட்பமான ஒரு வழியும் உண்டு: ஆபத்தை நீக்கிவிடுவது. கென்யாவில் ஒருவகை வேலமரம் தன் பருத்த முட்களுக்குள் எறும்புகளுக்கு இடமும், இலையடியில் தேனும் தருகிறது. எறும்புகள் யானையையும் ஒட்டகச்சிவிங்கியையும் கடித்து விரட்டுகின்றன. வேலி போட்டுப் பத்தாண்டுகள் பெருவிலங்குகளை அண்டவிடாமல் வைத்திருந்த இடத்தில் நடந்ததை 2008இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். மேய்ச்சல் நின்றதால் மரங்கள் முள்ளையும் தேனையும் குறைத்துக்கொண்டன. காவல் எறும்புகள் சோர்ந்தன. சாறு உறிஞ்சும் பூச்சிகளை அவையே கூடுதலாகப் பேணத் தொடங்கின. காவலுக்கு வராத வேறோர் எறும்பினம் அந்த மரங்களைப் பிடித்துக்கொண்டது. முடிவில் யானை தின்னாத மரங்கள் மெதுவாக வளர்ந்தன, கூடுதலாக மடிந்தன.

அமைதிக் காலத்தில் நலியும் ஓர் உடன்படிக்கையைப் பற்றி ஒரு நாவல் முழுக்க எழுதலாம். தூமரின் மலையைச் சுற்றியிருந்த கொன்றுண்ணிகள் இரண்டு தலைமுறைக்கு முன்பே அழிந்துவிட்டன என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடரியில் சுமையைத் தாங்குவானேன் என்று ஓர் இளைஞன் கேட்பான். அவனுக்குச் சொல்ல ஊர்ப் பெரியவர்களிடம் நல்ல பதில் இருக்காது. கதை அங்கிருந்து நகரும்.

அறிகுறி: பண்பாடு மேற்பூச்சாகத் தெரிகிறது

இது மிகப் பரவலான கோளாறு. ஆசிரியர்கள் இதை மேலும் சடங்குகளைச் சேர்த்துத் திருத்தப் பார்ப்பதால் வரைவு இன்னும் பருத்துவிடுகிறது. நிலா விழா, ஒன்பது வகை மாலை, முகத்தில் நீலக்கோடு எல்லாம் இருக்கும். இணைந்து வாழாத ஓர் இனத்துக்கு அவற்றைத் தூக்கிக் கொடுத்தாலும் அப்படியே பொருந்தும். சோதனையும் அதுதான்: ஒரு சடங்கை எடுத்துத் தனித்து வாழும் இனத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். பொருந்திவிட்டால் அதை நீக்கிவிடலாம்.

பண்பாடு வேர்விடும் இடம் கணக்கின் மூன்றாவது வரி, அதாவது உறவு அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி. இயற்கையில் இதற்கு இரண்டு பெரும்பாதைகள் உள்ளன. அசுவினிப் பூச்சியின் உடலுக்குள் இருக்கும் பாக்டீரியா தாயிடமிருந்து குஞ்சுக்கு நேராகச் செல்கிறது; வெளியே தனித்து வாழும் திறனையே அது இழந்துவிட்டது. அமெரிக்கக் கண்டங்களின் இலைவெட்டி எறும்புகளில், புதுக்குடி அமைக்கப் பறந்து செல்லும் இளவரசி தாய்க்கூட்டின் பூஞ்சையில் ஒரு துணுக்கை வாயடியில் உள்ள சிறு பையில் வைத்துக்கொண்டு போகிறது. தாய்வீட்டிலிருந்து உறைமோர் கொண்டுபோய்ப் புதுவீட்டில் தயிர் தோய்ப்பதைப் போன்றது அது. மற்றப் பாதையில், ஹவாய்த் தீவுகளின் குட்டைவால் கணவாய் ஒளிரும் பாக்டீரியா இல்லாமலேயே பொரிகிறது. பொரித்த சில மணி நேரத்துக்குள் கடல்நீரிலிருந்து அதைத் தேடிச் சேர்த்துக்கொள்கிறது.

நம் உறவுமுறைச் சொற்களில் இந்த வேறுபாடு ஏற்கெனவே இருக்கிறது. தந்தைவழியாக இறங்கிவருவது பங்காளி உறவு. அதை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, உதறவும் முடிவதில்லை, சொத்தும் குலதெய்வமும் துடக்கும் அதனோடு சேர்ந்தே வருகின்றன. ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தேடிக்கொள்வது சம்பந்தி உறவு. அதில் பார்த்தலும் பேசுதலும், சீரும், பிணக்கும், தூதும் உண்டு. உங்கள் கூட்டுயிர்கள் பங்காளிகளா, சம்பந்திகளா என்று ஒரு சொல்லில் விடை சொல்ல முடிந்தால் பாதிச் சடங்குகள் தாமே வந்து நிற்கும். பங்காளி வகை என்றால் பெருங்குற்றம் குலக்கலப்பாக இருக்கும், தூய்மை பற்றிய அச்சம் மிகும், மலடு என்ற சொல் இரு உயிர்களுக்கும் சேர்த்தே ஒலிக்கும். சம்பந்தி வகை என்றால் தரகர்கள் இருப்பார்கள், யாரும் தேர்ந்தெடுக்காத பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களுக்கென ஊருக்கு வெளியே ஒரு தெரு இருக்கும்.

தூமரும் ஈலியும் சம்பந்திகள். தூமப் பிள்ளைக்கு ஏழு வயது ஆகும்போது அதை முட்டை அறையில் ஓர் இரவு தனியே விடுகிறார்கள். விடியும்போது பிடரியில் நகக்காயம் இருந்தால் ஊரே கொண்டாடும். காயம் இல்லாமல் வெளியே வரும் பிள்ளை அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க வேண்டும். மூன்று ஆண்டுகள் காத்திருந்த பிள்ளையின் தாய் அந்தப் பிடரியில் இரவோடு இரவாகத் தன் நகத்தால் கீறுகிறாள் என்பது என் நாவலின் தொடக்கம். அந்த ஒரு செயலுக்கு மேல் அவர்களுடைய பண்பாட்டைப் பற்றி நான் எந்த விளக்கமும் எழுதத் தேவைப்படவில்லை.

உடலின் அன்றாடத் தாளமும் சடங்கைத் தரும். மேலே சொன்ன கணவாய் ஒவ்வொரு விடியலிலும் தன்னுள் இருக்கும் பாக்டீரியாவில் ஏறத்தாழ 95 விழுக்காட்டை வெளியேற்றிவிட்டு மணலுக்குள் புதைந்து உறங்குகிறது. எஞ்சியவை பகலெல்லாம் பெருகி, இரவில் நிலவொளிக்கு ஈடாக ஒளிர்ந்து அதன் நிழலை மறைக்கின்றன. நாள்தோறும் தன் துணையில் பெரும்பகுதியை விட்டுவிட்டு மீண்டும் வளர்த்துக்கொள்ளும் ஓர் இனத்துக்கு விடியல் என்பது எப்படி இருக்கும்? அவர்கள் காலையில் வணக்கம் சொல்வார்களா, இரங்கல் சொல்வார்களா? மறைந்திருக்கும் உறவு ஆண்டில் ஒருமுறை வெளியே தெரியும் நாளும் விழாவாகலாம். நம் ஊர்களில் மழைக்குப் பின் புற்றில் எழும் காளான், கறையான் மண்ணுக்கடியில் வளர்க்கும் பூஞ்சையின் பூப்புத்தான்; அதைப் பறிக்க மக்கள் விடியலிலேயே கூடையோடு கிளம்புவதைப் பார்த்தவர்களுக்கு, கீழே நடப்பது மேலே வெடிக்கும் நாளின் பரபரப்பு எத்தகையது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

அறிகுறி: வினைமுற்றும் தன்மைப் பன்மையும் தடுமாறுகின்றன

தமிழில் எழுதுபவருக்கே உரிய சிக்கல் இது; தமிழுக்கே உரிய செல்வமும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் திணையைத் தீர்மானித்தாக வேண்டும் என்பதால், முதல் அத்தியாயத்தில் "ஈலி பறந்தது" என்றும், ஐந்தாவதில் "ஈலி சொன்னாள்" என்றும், ஒன்பதாவதில் மீண்டும் "நினைத்தது" என்றும் வரைவு அலைபாய்கிறது. வாசகர் இதைக் கவனக்குறைவு என்று எடுத்துக்கொள்வார். உண்மையில் ஆசிரியர் யார் கண்ணால் பார்க்கிறோம் என்பதை முடிவுசெய்யவில்லை.

திணையைப் பேசுபவரோடு கட்டிவிடுங்கள். தூமர் தங்கள் ஈலியை "அவர்" என்பார்கள். உப்பு வாங்க வரும் வெளியூர் வணிகர் "அது" என்பார். கதைசொல்லி இரண்டில் ஒன்றைத் தேர்ந்து கடைசிவரை மாறாமல் இருக்க வேண்டும். பிறகு பதினோராவது அத்தியாயத்தில் அந்த வணிகர் வாயிலிருந்து "அவர் தூங்கிவிட்டாரா?" என்று ஒரு கேள்வி வந்தால், அவருடைய மனமாற்றத்தை நீங்கள் ஒரு பத்தி எழுதி விளக்க வேண்டியதில்லை.

இரு திணையும் கலந்து எண்ணப்படும்போது என்ன செய்வது என்பதற்கு நன்னூல் இடம் தந்திருக்கிறது: சிறப்பினாலோ மிகுதியினாலோ இழிவினாலோ ஒரு முடிபைக் கொள்ளலாம். "கேணாவும் ஈலியும் வந்தனர்", "கேணாவும் ஈலியும் வந்தன" என்ற இரண்டும் இலக்கணப்படி நிற்கும். முதலாவது ஈலியை உயர்த்துகிறது, இரண்டாவது கேணாவைத் தாழ்த்துகிறது. ஊர் அவையில் ஒரு பகைவன் இரண்டாவது வாக்கியத்தைச் சொன்னால், அது வசைச்சொல் ஒன்றுகூட இல்லாத வசையாகிவிடும்.

அடுத்து "நாம்", "நாங்கள்". கேட்பவரை உள்ளடக்கியும் விலக்கியும் பேசுவதற்கு நம்மிடம் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. இணைந்து வாழும் இருவர் தமக்குள் பேசும்போது எப்போதும் "நாம்", வெளியாரிடம் "நாங்கள்". இந்த ஒழுங்கைப் பத்து அத்தியாயங்களுக்கு விடாமல் காப்பாற்றுங்கள். அதன்பின் ஒரு சண்டையில் கேணா தன் பிடரியில் இருப்பவரிடமே "நாங்கள் முடிவுசெய்துவிட்டோம்" என்று, தூமர் கூட்டத்தோடு தன்னைச் சேர்த்துச் சொல்லட்டும். வாள் உருவுவதைவிடக் கொடிய கணம் அது. இந்த ஒழுங்கை முன்பே காப்பாற்றாதவர் வரைவில் அந்த வரி சாதாரணமாகக் கடந்துபோய்விடும் என்பதால், திருத்தும்போது தன்மைப் பன்மைச் சொற்களை மட்டும் தேடி ஒருமுறை முழுவதும் படியுங்கள். எனக்கு இதற்கு இரண்டு நாள் பிடித்தது.

அறிகுறி: ஓர் இனம் முழுவதும் ஒரே ஊர்போல் இருக்கிறது

மொசாம்பிக்கின் வடக்கே நியாசாவில் வாழும் யாவோ மக்கள், தேன்காட்டிப் பறவையை ஒரு நடுங்கும் ஒலியும் அதைத் தொடரும் முனகலுமாக அழைக்கிறார்கள். பறவை தேன்கூட்டைக் காட்டுகிறது. மனிதர் புகைபோட்டுக் கூட்டைத் திறக்கிறார்கள். பறவைக்கு மெழுகு கிடைக்கிறது. 2016இல் வெளியான ஆய்வின்படி, அந்த ஒலியை எழுப்பினால் பறவை வழிகாட்ட வரும் வாய்ப்பு 33 விழுக்காட்டிலிருந்து 66 விழுக்காடாகிறது. தான்சானியாவின் ஹட்ஸா மக்கள் அதே பறவை இனத்தைச் சீழ்க்கையடித்து அழைக்கிறார்கள். ஒவ்வோர் ஊர்ப் பறவையும் தன் ஊர் அழைப்புக்கே கூடுதலாக இணங்குகிறது என்று 2023இல் காட்டப்பட்டது.

ஆகவே மலையின் மறுபக்கத்தில் ஒரு தூமர் குடியை வைத்து, அங்கே ஓர் அழுத்தத்துக்கு "நட" என்று பொருள் கொடுங்கள். அங்கே வாழ்க்கைப்பட்டுப் போகும் பெண்ணின் ஈலிக்கும் அந்த ஊருக்கும் இடையில் முதல் வாரம் எப்படிக் கழியும் என்பதை எழுதினாலே போதும்.

அறிகுறி: விளக்கம் பெருகிக் காட்சி மெலிகிறது

உயிரியலைப் படித்துவிட்டு எழுதுபவர்களுக்கு வரும் கோளாறு. ஒரு தொடுகை போதும் என்று நினைவில் கொள்ளுங்கள். சொடுக்கு இறால் மணலில் வளை தோண்டும், பார்வை மங்கல். அதே வளையில் குடியிருக்கும் உளுவை மீன் வாயிலில் காவல் இருக்கும். இறால் வெளியே வரும்போதெல்லாம் தன் உணர்கொம்பு ஒன்றை மீனின்மேல் வைத்துக்கொண்டே இருக்கிறது. மீன் வாலைச் சிலிர்த்தால் உடனே உள்ளே போய்விடுகிறது. தூமரும் ஈலியும் எனக்கு இந்தக் காட்சியிலிருந்தே கிடைத்தார்கள். கொம்பு மீனின்மேல் இருக்கிறது என்று எழுதிவிட்டால் கணக்கு முழுவதும் வாசகருக்குப் புரிந்துவிடும். மீதியை வெட்டிவிடலாம்.

அறிகுறி: பிரிவுக் காட்சி நெஞ்சைத் தொடவில்லை

துணை இறந்ததும் மற்றவரும் உடனே விழுந்து இறப்பதாக எழுதியிருந்தால் காரணம் அதுவே. இழப்பை உணர்வதற்கு அங்கே யாருமில்லை. சில உறவுகளில் உடனடி அழிவு உண்மைதான். கலாபகஸ் அருகே 1977இல் ஆழ்கடல் வெந்நீர் ஊற்றுகளில் கண்டறியப்பட்ட பெரும் குழாய்ப்புழுக்களுக்கு வளர்ந்தபின் வாயும் குடலும் கிடையாது, உள்ளே வாழும் பாக்டீரியா இல்லாமல் அவற்றுக்கு உணவே இல்லை. கதைக்கு உதவுவது வேறொரு வகை. கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகிச் சில வாரங்கள் நீடித்தால், பவள உயிரி தன்னுள் வாழும் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. மன்னார் வளைகுடாவில் 2016இல் அப்படி நடந்தது. வெளுத்த பவளம் அந்தக் கணமே இறந்துவிடுவதில்லை. பசியோடு உயிர் தாங்கியிருக்கிறது, நீர் குளிர்ந்தால் பாசி திரும்பவும் குடியேறக்கூடும், குளிராவிட்டால் மடிகிறது. அந்த இடைப்பட்ட வாரங்களையே எழுத வேண்டும்.

துணையை இழந்தவர் முதலில் எதைச் செய்ய முடியாமல் போகிறார் என்று கண்டுபிடியுங்கள். அழுகையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். தூமரில் இணைந்தவர்களுக்கு இருவர் பெயரும் உம்மை இல்லாமல் சேர்ந்தே வழங்கும். கேணாவுக்கும் அவளுடைய ஈலியான திரிக்கும் ஊரில் கேணாதிரி என்று பெயர். திரி இறந்தபின் கேணா வளை வாயிலுக்கு வந்து, பிடரியில் அழுத்தம் வருமென்று பழக்கத்தால் நிற்கிறாள். பின்னால் வருபவர்கள் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ஒரு மாதம்வரை எல்லாரும் அவளைக் கேணாதிரி என்றே அழைக்கிறார்கள். பிறகு ஒரு காலையில், தண்ணீர் எடுக்கப் போகும் பக்கத்து வளைப் பெண், வேறேதோ நினைவில், "கேணா, கொஞ்சம் நகர்ந்துகொள்" என்கிறாள்.